செருப்பைப் போடு, தொப்பியைக் கழற்று: கோர்தோபா போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தென்னங்கீற்று
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது ஸ்பெயினில், செவில் நகரத்தில். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கியிருக்கிறார்கள். இங்கிருந்து வேக ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் கோர்தோபா. போன சனிக்கிழமை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அங்கே இருக்கும் பெரிய மசூதிக்குப் போனேன். 'மசூதி' என்று எழுதிவிட்டேன் பாருங்கள், பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது.

நுழைவுச்சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போகும்போது அப்பா பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார் (சாக்ஸுக்கு மேலே செருப்பு, அது தனிக் கதை). தலையில் குரங்குக் குல்லா. காவலர் சிரித்துக்கொண்டே முதலில் அவர் காலைக் காட்டினார், அப்புறம் தலையைக் காட்டினார். அதாவது செருப்பைப் போடு, தொப்பியைக் கழற்று. அப்பா இரண்டையும் செய்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்போ இது மாதா கோயில்லா? நீ பள்ளிவாசல்னுல்ல சொன்னே" என்றார்.

உள்ளே போனதும் மூன்று பேரும் வாயடைத்துப் போனோம். தென்னந்தோப்புக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வரிசை திறந்துகொண்டு போகிறது. தூணுக்கு மேல் சிவப்பும் வெள்ளையுமாக வரிபோட்ட வளைவு, அதற்கு மேல் இன்னொரு வளைவு. கூரை தாழ்வு, வெளிச்சம் கம்மி. அப்படியே நடந்துகொண்டே போனால் திடீரென்று நட்டநடுவில் கூரை பிய்த்துக்கொண்டு மேலே போகிறது. வெள்ளைச் சுண்ணச் சிற்பங்கள், தேவதூதர்கள், பீடம், இரண்டு பக்கமும் ஆர்கன். அம்மா சொன்னதுதான் சரியான வருணனை: "வீட்டு நடுவுல இன்னொரு வீட்டைக் கொண்டாந்து இறக்கி வச்சிருக்காங்க."

கேள்வி இதுதான். இதை என்னவென்று சொல்வது? அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

கடைசி பெஞ்ச்
"சீட்டு வாங்கித்தானே உள்ளே வந்தோம், மியூசியம்பா" என்று சொல்லியிருக்கலாம்.

கல்தச்சன்
தங்கச்சி, உங்கள் அம்மாவின் வருணனையை நான் திருடிக்கொள்ளப் போகிறேன். நான் கட்டுமானத் துறை ஆள். 2017-இல் ஒரு முழு நாள் அங்கே அண்ணாந்து பார்த்தே கழுத்துப் பிடித்துக்கொண்டது.

பெயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் கட்டடம். 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் ஆரம்பித்தார். டமாஸ்கஸிலிருந்து ஆண்ட தன் குடும்பத்தையே எதிரிகள் வெட்டிச் சாய்த்த பிறகு தப்பி ஓடிவந்து ஸ்பெயினில் தனி ஆட்சி அமைத்த உமையா வம்சத்து இளவரசர். அவசரக் கட்டுமானம். தூண்களெல்லாம் பழைய ரோமானிய, விசிகோத்து (ரோமானியருக்குப் பின் ஸ்பெயினை ஆண்டவர்கள்) கட்டடங்களிலிருந்து பிடுங்கி வந்தவை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று வழவழப்பு, ஒன்று முறுக்கு. நெட்டையானதைத் தரையில் கொஞ்சம் புதைத்தார்கள், குட்டையானதற்கு அடியில் பீடம் வைத்தார்கள். அப்படியும் இந்தத் தூண்களை நம்பிக் கூரை போட்டால் அவ்வளவு பெரிய கூடம் குகை மாதிரி ஆகிவிடும். அதனால் தூணின் தலைமேல் இன்னொரு சதுரத் தூணை ஏற்றி, ஆடாமல் இருக்க நடுவில் ஒரு வளைவு, கூரையைத் தாங்க மேலே ஒரு வளைவு. மெரிதா நகரத்து ரோமானியக் கால்வாய்ப் பாலத்தில் இந்த உத்தியைப் பார்த்திருப்பார்கள் என்று சொல்வதுண்டு. சிவப்பு செங்கல், வெள்ளை கல். அழகுக்காக யோசித்ததில்லை, சரக்குப் பற்றாக்குறையில் பிறந்த அழகு.

அப்புறம் ஒவ்வொருவராக நீட்டினார்கள். 9-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அப்துர் ரஹ்மான் தெற்கே நீட்டினார். 960-களில் இரண்டாம் ஹகம் இன்னும் தெற்கே நீட்டி, இப்போது எல்லோரும் படம் எடுக்கிற அந்தத் தங்க மொசைக் மிஹ்ராபை (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) கட்டினார். பைசாந்தியப் பேரரசரிடமிருந்து கண்ணாடிச் சில்லுகளும் அதைப் பதிக்கத் தெரிந்த ஆளும் வந்ததாகச் சொல்வார்கள். 987 வாக்கில், கலீபாவின் பெயரில் ஆட்சி நடத்திய அமைச்சர் அல்மன்சூர் வந்தபோது தெற்கே ஆறு கிட்டத்தில் வந்துவிட்டது, அதனால் கிழக்கே எட்டு வரிசை சேர்த்தார். அதனால்தான் மிஹ்ராப் இன்று கட்டடத்தின் நடுவில் இல்லை. அடுத்த முறை போனால் அந்தக் கிழக்குப் பகுதி வளைவுகளைக் கூர்ந்து பாருங்கள். சிவப்பு பெரும்பாலும் செங்கல் இல்லை, கல்லின் மேல் அடித்த சாயம்! நம் ஒப்பந்தக்காரர்கள் தோற்றார்கள்.

இன்று 856 தூண் நிற்கிறது. முன்பு ஆயிரத்துக்கு மேல்.

செபமாலை
தூத்துக்குடிப் பெண் நான், அதனால் என் சார்பு தெரிந்ததுதான். ஆனாலும் கணக்கைச் சொல்லட்டும். 785-இலிருந்து 1236 வரை மசூதி, 451 வருஷம். 1236 ஜூன் 29 அன்று காஸ்டில் நாட்டுக் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் பெர்னாந்தோ ஊரைப் பிடித்ததும் கட்டடம் தேவாலயமாக அர்ச்சிக்கப்பட்டது. அன்றிலிருந்து ஏறக்குறைய 790 வருஷம். இன்றைக்கும் காலையில் திருப்பலி நடக்கிறது. அப்பாவுக்கு "ஆமாம், மாதா கோயில்தான்" என்று சொன்னால் அதில் பொய் எதுவும் இல்லை. மரியாளின் விண்ணேற்புக்கு நேர்ந்தளித்த பேராலயம் அது.

இன்னொன்று. மசூதியாக இருந்ததால் இடிக்கவில்லை, கோயிலாகப் புழங்கியதால்தான் இடிபடாமல் நின்றது. ஆனால் கோயிலாகப் புழங்கியதெல்லாம் பிழைத்ததும் இல்லை, நீங்கள் இருக்கிற செவிலையே பாருங்கள். அங்கேயும் 1248-இல் பெரிய மசூதியைத் தேவாலயமாக்கினார்கள், 150 வருஷம் பூசை வைத்தார்கள், அப்புறம் 1401-இல் 'புதிதாகக் கட்டலாம்' என்று முடிவெடுத்து இடித்துவிட்டார்கள். மிச்சம் ஹிரால்தா கோபுரமும் ஆரஞ்சு முற்றமும்தான். கோர்தோபாவில் அந்த ஆசையும் பணமும் ஒரே நேரத்தில் சேரவில்லை. ஊருக்கு வெளியே கலீபா கட்டிய மதீனத்துஸ் ஸஹ்ரா அரண்மனை என்ன ஆனது? ஆள் புழங்காமல் கல் குவாரியாகிப் போனது.

ராவுத்தர் பேரன்
செபமாலை அக்கா சொல்கிற கணக்கு சரி. புழங்கியதால் பிழைத்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழைக்க வைத்த கைகள் யாருடையவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1263-இல் பெர்னாந்தோவின் மகன், அரசர் பத்தாம் அல்போன்சோ ஓர் உத்தரவு போட்டார்: ஊரில் இருக்கிற முஸ்லிம் தச்சர்களும் கொத்தர்களும் வருஷத்துக்கு இரண்டு நாள் இந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்க வேலை செய்ய வேண்டும். தொழுகை கிடையாது, பராமரிப்பு வேலை மட்டும் உண்டு. பாட்டன் தொழுத இடத்தில் பேரன் ஓட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறான்.

மணிக் கதை தெரியுமா? 997-இல் அல்மன்சூர் வடக்கே சாந்தியாகோ வரை படையெடுத்துப் போய் அங்கிருந்த தேவாலயத்து மணிகளை எடுத்து, பிடிபட்ட கிறிஸ்தவர்கள் தோளிலேயே ஏற்றி கோர்தோபாவுக்குக் கொண்டுவந்தார் என்று இடைக்கால வரலாறுகள் சொல்கின்றன. மணியைத் தலைகீழாக்கினால் எண்ணெய் விளக்கு. பள்ளிவாசலில் தொங்கவிட்டார்கள். 239 வருஷம் கழித்து பெர்னாந்தோ வந்தார். அதே மணிகளை, இந்த முறை பிடிபட்ட முஸ்லிம்கள் தோளில் ஏற்றி, சாந்தியாகோவுக்கே திருப்பி அனுப்பினார். மொரோக்கோவில் பெஸ் நகரத்துக் கரவிய்யீன் பள்ளியில் அப்படி ஸ்பெயின் மணியால் செய்த விளக்கு இன்றும் தொங்குகிறது. நான் போயிருந்தபோது அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். நாக்கு இல்லாத மணி.

கோர்தோபாவிலும் மிஹ்ராபுக்கு முன்னால் நின்றேன். கம்பித் தடுப்பு இருக்கிறது, கிட்டே போக முடியாது. அங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதி இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். 2010-இல் வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் சிலர் தொழப்போய்க் காவலர்களோடு கைகலப்பானது செய்தியில் வந்தது. 1974-இல் ஒரு கிறிஸ்தவ-இஸ்லாமிய மாநாட்டுக்கு வந்தவர்களைத் தொழ விட்டார்கள் என்பதும் உண்மை. நான் தொழவில்லை. சும்மா கைப்பேசியில் கிப்லா திசையை, அதாவது மக்கா இருக்கும் தொழுகைத் திசையைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. முள் இடது பக்கம் வெகுவாகத் திரும்பி நிற்கிறது! இங்கிருந்து மக்கா ஏறக்குறைய கிழக்கில். மிஹ்ராபோ தெற்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் ஹகம் இடித்து நீட்டியபோதுகூட முன்னோர் வைத்த திசையை மாற்றவில்லை.

கடைசி பெஞ்ச்
பாய், நாக்கு இல்லாத மணி என்று சொல்லிவிட்டு அப்படியே போய்விட்டீர்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அது இருக்கட்டும். செபமாலை அக்காவிடம் ஒரு கேள்வி. அங்கே மசூதிக்கு முன்னாலேயே ஒரு தேவாலயம் இருந்ததாமே? அப்போ முதல் உரிமை யாருக்கு?

செபமாலை
சான் விசென்டே. தரையில் ஓர் இடத்தில் கண்ணாடி போட்டிருப்பார்கள், எட்டிப் பார்த்தால் ஆழத்தில் பழைய மொசைக் தரை தெரியும். முதலில் பாதியை மட்டும் முஸ்லிம்கள் பயன்படுத்தினார்கள், பிறகு அப்துர் ரஹ்மான் மீதிப் பாதியைப் பணம் கொடுத்து வாங்கினார் என்று பிற்காலத்து அரபு நூல்களே சொல்கின்றன.

கல்தச்சன்
அது அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் இல்லை. 1930-களில் பெலிக்ஸ் எர்னாந்தெஸ் என்ற கட்டடக் கலைஞர்தான் தோண்டினார். கிடைத்த சுவர்களும் தரையும் மசூதிக்கு முந்தியவை, அதில் சந்தேகம் இல்லை. ஆயர் இல்ல வளாகத்தின் பகுதி என்று சிலர் சொல்கிறார்கள், அங்கே கோயில் என்று அடித்துச் சொல்கிற மாதிரி ஒரு கட்டடம் கிடைக்கவே இல்லை என்று சிலர். பாதிப்பாதியாகப் பங்கிட்ட கதை டமாஸ்கஸ் பெரிய பள்ளிக்குச் சொல்கிற அதே கதை என்பதையும் கவனியுங்கள். அந்தக் கண்ணாடிக்கு மேலே நின்றுகொண்டு வழிகாட்டி அடித்துச் சொல்வதைக் கேட்டால் எனக்கு லேசாக எரிச்சல் வரும். எந்தப் பக்கத்து வழிகாட்டியாக இருந்தாலும்.

நெறியாளர்
நம் ஊர்க் கோயில், பள்ளி, விகாரை வழக்குகளை இங்கே இழுத்த ஏழு பதிவுகளை எடுத்துவிட்டேன். அதற்கு இழைகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கின்றன, அங்கே போய்க் குளிர்காயலாம். இந்த இழையில் கோர்தோபா மட்டும்.

பத்திரக்காரர்
முதல் முறை எழுதுகிறேன். பத்திரப் பதிவுத் துறையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். என் கவலையெல்லாம் ஒன்றுதான். பட்டா யார் பெயரில்?

தேடிப் படித்தேன். ஆச்சரியமாக இருந்தது. 2006 மார்ச் வரை யார் பெயரிலும் பதிவே இல்லை! அந்த மாதம் கோர்தோபா மறைமாவட்டம் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. செலவு 30 யூரோ. அன்றைய மதிப்பில் இரண்டாயிரம் ரூபாய்கூட வராது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1984-இலேயே ஏறிய கட்டடம்.

எப்படி முடிந்தது? சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில், 1946-இல் வந்த ஒரு சட்டப்படி, கிரயப் பத்திரம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆயர் கையெழுத்திட்டு 'இது எங்களுடையது' என்று சான்று கொடுத்தால் பதிவாளர் ஏற்க வேண்டும். ஆனால் வழிபாட்டுத் தலங்களுக்கு அது பொருந்தாது என்று இருந்தது. அவை எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சொத்து, பதிவு எதற்கு என்ற எண்ணம். 1998-இல் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். 2015-இல் இந்த வசதியையே மூடும் வரைக்கும் நாடு முழுக்கத் திருச்சபை பதிவு செய்த சொத்துகள் 35 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு என்று 2021-இல் அரசே பட்டியல் வெளியிட்டது. சிற்றாலயங்கள், வீடுகள், கல்லறைகள், வயல் எல்லாம் அதில் உண்டு.

ஆயர் தரப்பு வாதம்: 1236-இல் அரசர் கொடுத்தார், அன்றிலிருந்து தொடர்ச்சியான அனுபோகம், பதிவு என்பது வெறும் எழுத்து. எதிர்த்தரப்பு வாதம்: அரசர் வழிபடக் கொடுத்தார், சொத்தாகக் கொடுக்கவில்லை. நகர மன்றம் அமைத்த நிபுணர் குழுவும் 2018-இல் எதிர்த்தரப்புப் பக்கமே சாய்ந்தது. என் அனுபவத்தில் சொல்கிறேன், அனுபோக பாத்தியதை என்பது சாதாரண ஆயுதம் இல்லை. 790 வருஷ அனுபோகத்தை எந்தக் கோர்ட்டும் லேசில் தள்ளாது. அதே சமயம், இத்தனை வருஷம் பத்திரம் தேவைப்படாத ஓர் இடத்துக்குத் திடீரென்று ஒருவர் பத்திரம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் சந்தேகப்படத்தான் செய்வான்.

ராவுத்தர் பேரன்
ஐயா, பத்திரத்தைவிட எனக்கு உறுத்தியது பெயர்தான். அந்த ஊர்க்காரர்கள் பாதிரியார் உட்பட எல்லோரும் பேச்சில் 'மெஸ்கித்தா' (ஸ்பானிஷில் மசூதி) என்றுதான் சொல்கிறார்கள். "மெஸ்கித்தாவுக்குப் பூசைக்குப் போகிறேன்" என்பது அங்கே சாதாரண வாக்கியம். ஆனால் கொஞ்ச வருஷம் நுழைவுச்சீட்டிலும் கையேட்டிலும் அந்தச் சொல்லே காணாமல் போனது, வெறும் 'கோர்தோபா பேராலயம்'. 2014-இல் கூகுள் வரைபடத்தில்கூட மாறி, சண்டை போட்ட பிறகு திரும்பி வந்தது. லட்சக்கணக்கில் கையெழுத்து சேர்ந்தது. அதை முன்னின்று நடத்தியது ஊர்க்காரர்களின் குழு. 2016-இல் 'மசூதிப் பேராலயம்' என்று இரண்டையும் சேர்த்து அச்சடித்தார்கள்.

தென்னங்கீற்று
எங்கள் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 'மசூதி' முதலில், நடுவில் ஒரு சின்னக் கோடு, அப்புறம் 'பேராலயம்'. அப்பாவிடம் காட்டினேன். "அப்போ செருப்பைப் பாதி போடணுமா?" என்கிறார்.

கல்தச்சன் அண்ணா, நடுவில் இறக்கிவைத்த அந்த இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்லவே இல்லையே.

கல்தச்சன்
அதுதான் கதையின் மையம், வேண்டுமென்றே ஒத்திப்போட்டேன்.

1236-க்குப் பிறகு 250 வருஷத்துக்கு மேல் பெரிதாக எதையும் உடைக்கவில்லை. ஓரங்களில் சிற்றாலயங்கள் வைத்தார்கள், பணக்காரக் குடும்பங்கள் கல்லறைக்கு இடம் வாங்கின. அதில் ஒன்று என்னை உலுக்கியது. 1371-இல் இரண்டாம் என்ரிக்கே தன் தகப்பனுக்கும் தாத்தாவுக்கும் அங்கே ஓர் அரச கல்லறைக்கூடம் முடித்தார். இரண்டு பேரும் காலமெல்லாம் முஸ்லிம் அரசுகளோடு போரிட்டவர்கள். கூடம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுண்ண அலங்காரம், தேன்கூட்டு வளைவுகள், அடியில் ஓட்டுச் சில்லு வேலை. முழுக்க முழுக்க, அப்போதும் முஸ்லிம்கள் ஆண்ட கிரானடாவின் பாணி! எதிரியின் கைவேலைதான் அந்தக் காலத்தில் 'ராஜா வேலை'. மதம் வேறு, ரசனை வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1489-இல் ஒரு கோத்திக் (கூர்வளைவு வைத்த ஐரோப்பியத் தேவாலயப் பாணி) கூடத்துக்காகச் சில தூண்களை எடுத்தார்கள். 1523-இல்தான் ஆயர் அலோன்சோ மன்ரிகே நட்டநடுவைப் பிளந்து ஒரு முழுப் பேராலயம் எழுப்புவது என்று கிளம்பினார். யார் எதிர்த்தது தெரியுமா? முஸ்லிம்கள் இல்லை, அந்த நேரத்தில் எதிர்க்கும் நிலையிலேயே அவர்கள் இல்லை. எதிர்த்தது கோர்தோபாவின் கத்தோலிக்க நகர மன்றம். இடிக்கிற வேலையில் கைவைக்கிற கொத்தன், தச்சன், சித்தாள் யாராக இருந்தாலும் மரண தண்டனை என்று அறிவித்தது. 'இப்படி ஒரு கட்டடம் உலகில் வேறில்லை, உடைத்தால் திரும்பக் கட்ட முடியாது' என்பது அவர்கள் வாதம். ஆயர் தரப்பு பதிலுக்கு நகர அதிகாரியைச் சபையிலிருந்து விலக்கியது. விஷயம் ஐந்தாம் சார்லஸ் பேரரசரிடம் போனது. அவர் இடத்தைப் பார்க்காமலேயே ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிறகு நேரில் வந்து பார்த்து வருத்தப்பட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அழகான பேச்சு, அதனாலேயே எனக்கு நம்பிக்கை குறைவு.

எர்னான் ரூயிஸ் என்ற பெயரில் தாத்தா, மகன், பேரன் மூன்று தலைமுறை தச்சர்கள். 17-ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில்தான் முடிந்தது. ஆரம்பித்தபோது கோத்திக், நடுவில் மறுமலர்ச்சி பாணி, முடிக்கும்போது வேறு காற்று. ஆனால் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய சுவரின் பாரத்தைப் பழைய வளைவுகளுக்குள் தையல் போட்ட மாதிரி இறக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு கோத்திக் வளைவுக்குள்ளே சிவப்பு-வெள்ளை வளைவு அப்படியே உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் இடித்துத் தள்ளியிருந்தால் அவர்களுக்கு வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

மினாரும் அப்படித்தான். 1589-இல் புயலில் பழுதானது, இடிக்காமல் சுற்றிலும் கல் சுவர் எழுப்பி மணிக்கூண்டாக்கினார்கள். மேலே ரபேல் தேவதூதர் நிற்கிறார். படியேறிப் போகும்போது உள்ளே பழைய மினாரின் துண்டு தெரியும். சட்டைக்குள் பனியன் மாதிரி.

செபமாலை
கல்தச்சன் அண்ணா சொன்னது எனக்கும் புதுசு, மன்றம் மரண தண்டனை வரை போனது தெரியாது. ஒப்புக்கொள்கிறேன், 1523 நடந்திருக்க வேண்டாம். ஆனால் அந்த நடுக்கூடத்தில் உட்கார்ந்து பாடல் கேட்டிருக்கிறீர்களா? மகோகனி மரத்தில் செதுக்கிய பாடகர் இருக்கைகள், 18-ஆம் நூற்றாண்டு வேலை. உயரம் இருப்பதால் குரல் மேலே போகிறது. சுற்றிலும் தாழ்ந்த தோப்பில் கேட்டால் அதே குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது.

இன்னொரு கல்லறையையும் சொல்ல வேண்டும். எழுத்தாளர் கார்சிலாசோ. தகப்பன் ஸ்பானியப் படைத்தலைவன், தாய் பெருவின் இன்கா இளவரசி. 1616-இல் இறந்து, ஆன்மாக்கள் சிற்றாலயம் என்று அவரே வாங்கிவைத்த இடத்தில் அடக்கமானார். மசூதிக்குள் பேராலயம், பேராலயத்துக்குள் இன்கா ரத்தம்.

பத்திரக்காரர்
மசூதியாக இருந்தபோது தொழுகைக்கு மட்டும்தானா? எங்கள் ஊர்ப் பெரிய பள்ளியில் பாடமும் நடக்கும், பஞ்சாயத்தும் நடக்கும். அதனால் கேட்கிறேன்.

ராவுத்தர் பேரன்
பாடம், காஜியின் நீதிமன்றம், அரச அறிவிப்பு எல்லாம் அங்கேதான் ஐயா. மிஹ்ராபுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கதவு உண்டு. வலது கதவு கலீபா அரண்மனையிலிருந்து வருகிற தனிவழி, கூட்டத்தில் இடிபடாமல் வந்து தொழுதுவிட்டுப் போக. இடது கதவு பைத்துல் மால், அறநிதிப் பெட்டகம். இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று அதே இடது பக்கம்தான் சாந்தா தெரேசா சிற்றாலயம். பேராலயத்தின் வெள்ளிப் பொருள்கள், என்ரிக்கே தே அர்பே செய்த நற்கருணைத் தேர் எல்லாம் அங்கே இருக்கின்றன. அன்றும் கஜானா, இன்றும் கஜானா. பூட்டு மட்டும் மாறியிருக்கிறது.

கடைசி பெஞ்ச்
எல்லோரும் ராஜா, ஆயர், கலீபா என்று பேசுகிறீர்கள். 2025 ஆகஸ்ட் 8 ராத்திரி என்ன நடந்தது? தீ! அல்மன்சூர் நீட்டிய பகுதியில் ஒரு சிற்றாலயத்தில் துப்புரவுச் சாமான்கள் போட்டு வைத்திருந்தார்கள். தரை கூட்டுகிற மின்வண்டியிலிருந்து பிடித்தது. அந்தச் சிற்றாலயத்தின் கூரை விழுந்தது, தீயணைப்புக்காரர்கள் புகுந்து பரவவிடாமல் நிறுத்தினார்கள். மறுநாளே கதவைத் திறந்துவிட்டார்கள். மசூதி, பேராலயம், சுற்றுலாத் தலம் என்று பட்டியல் போடுகிறவர்கள் 'விளக்குமாறு அறை' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 451 வருஷமும் 790 வருஷமும் செய்யாததை ஒரு மின்வண்டி செய்யப் பார்த்தது.

கல்தச்சன்
சிரிப்பாகச் சொன்னாலும் இதுதான் என் தொழிலில் முதல் பாடம். பழைய கட்டடத்துக்கு எதிரி படையெடுப்பு இல்லை தம்பி, சாமான் அறை.

தென்னங்கீற்று
ஒரு வாரம் கழித்து வருகிறேன். நேற்று திரும்பவும் போனோம். அப்பாதான் அடம். அம்மா வீட்டில் இருந்துவிட்டார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் முதல் வண்டியைப் பிடித்தோம். எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை சீட்டு இல்லாமல் விடுகிறார்கள், ஞாயிறு தவிர. கூட்டமே இல்லை. காலை வெயில் முற்றத்து ஆரஞ்சு மரத்தோடு நின்றுவிடுகிறது, உள்ளே வரவில்லை. முன்பு முற்றத்துப் பக்கம் முழுக்கத் திறந்த வளைவுகளாக இருந்ததாம், மர வரிசையும் தூண் வரிசையும் ஒன்றாக ஓடுமாம். இப்போது பெரும்பாலும் அடைத்துவிட்டார்கள்.

கல்தச்சன் அண்ணா சொன்ன சாய வளைவுகளைத் தேடிக் கண்டுபிடித்தோம். அப்பா ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை மேஸ்திரி என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். "பெயின்ட்டுதான்" என்று ஐந்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்புறம் ஒரு தூணைக் காட்டினார்கள். அதில் சின்னதாக ஒரு சிலுவைக் கீறல், முன்னால் கம்பி அடித்திருக்கிறது. பிடிபட்ட கிறிஸ்தவர் ஒருவர் விலங்கோடு கட்டிக் கிடந்தபோது நகத்தாலேயே கீறினார் என்று கதை. அப்பா கல்லைப் பார்த்தார், தன் நகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதரைக்குப் பூசை மணி அடித்தது. வெளியே போகச் சொல்வார்கள் என்று நான் கிளம்பினேன். பூசைக்கு இருக்கிறவர்கள் இருக்கலாம் என்றார் காவலர். அப்பா குல்லாவை முன்கூட்டியே கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார், காவலர் தலையசைத்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் வயசானவர்கள். லத்தீனோ ஸ்பானிஷோ, அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

பாதியில் ஏதோ உரசுகிற சத்தம். குனிந்து பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் இரண்டு செருப்பும் ஜோடியாக, ஒதுங்கி இருந்தன. சாக்ஸ் போட்ட காலை அந்தக் குளிர்ந்த தரையில் ஊன்றியிருந்தார்.